பசுமைக் கடன் வாங்கினால் லாபம் கூடுமா? தொண்டியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

தொண்டியில் நண்டு ஷெட் (நண்டை வேகவைத்துச் சதை பிரித்து ஏற்றுமதிக்கு அனுப்பும் கூடம்) நடத்தும் குடும்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி மதுரையில் எம்.பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறார். ‘அறிவுசார் மூலதனமும் நீடித்த நிதியும் நிறுவனத்தின் லாபத்தை எப்படிப் பாதிக்கின்றன’ என்பது அவருடைய புராஜெக்ட். முதலாவது, தொழிலுக்குள் இருக்கும் அறிவும் பழக்கமும் உறவும்; இரண்டாவது, சுற்றுச்சூழலுக்கோ சமூகத்துக்கோ பயன்படும் வேலைக்கென்று வரும் பணம், பசுமைக் கடன் மாதிரி. பங்குச்சந்தைக் கம்பெனிகளின் கணக்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, அந்த இரண்டும் கூடினால் லாபமும் கூடுகிறது என்று காட்டியிருக்கிறார். அதே சமயம் வங்கியிலிருந்து ஒருவர் வந்து, ஷெட் கூரையில் சோலார் போடுவதாக இருந்தால் பசுமைக் கடன் தருகிறோம், வட்டி குறைவு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ‘இதெல்லாம் நிஜமா? முப்பது பேர் வேலை பார்க்கும் எங்கள் இடத்துக்குப் பொருந்துமா?’ இதுதான் கேள்வி.

நான் படித்த வரையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தம்பியின் கணக்கு சரியா என்பது ஒன்று. கடனை வாங்கலாமா என்பது இன்னொன்று. மூன்றாவதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி அதுதான் தெரிகிறது: எங்களிடம் இருக்கும் தொழிலறிவுக்கு ஏதாவது மதிப்பு உண்டா, ஏன் வங்கி எப்போதும் நிலப் பத்திரத்தை மட்டுமே கேட்கிறது? நான் ராமநாதபுரத்தில் 22 வருடமாக ஆடிட்டர். ஐஸ் கம்பெனி, நண்டு ஷெட், கருவாட்டு வியாபாரம், குண்டு மிளகாய் மண்டி என்று கடலோரக் கணக்குகள்தான் என் வேலை. பெரிய லிஸ்டட் கம்பெனிகளை நான் ஆடிட் செய்ததில்லை. அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தது. ஷெட்டைப் பற்றிச் சொல்வது பார்த்தது. இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன்.

பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன். வேகவைத்து ஆறிய நண்டு மேஜைக்கு வந்ததும் சதை பிரிக்கும் அக்காமார் உட்காருகிறார்கள். நீலக்கால் நண்டின் பின்பக்கத் துடுப்புக் காலை அசைக்கிற தசை ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் உருண்டையாக. அது உடையாமல் முழுசாக வந்தால் ‘ஜம்போ லம்ப்’, டப்பாவிலேயே அதிக விலை அதற்குத்தான். உடைந்தால் அடுத்த தரம். இன்னும் உதிர்ந்தால் அதற்கும் கீழே. நண்டு ஒன்றுதான், கத்தி ஒன்றுதான், கூலியும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்து வருடம் உட்கார்ந்த கைக்கும் புதிதாக வந்த கைக்கும் நடுவில் விலை மாறிவிடுகிறது. ஒரு ஷெட்டில் ஒருமுறை அரைமணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு அக்கா கண்ணை மேஜையில் வைக்கவே இல்லை, எதிரில் இருந்தவரோடு பேசிக்கொண்டே இருந்தார். கட்டைவிரல் ஓட்டின் உட்சுவரைத் தடவி, எங்கே அழுத்தினால் தசை கழன்று வரும் என்று தானே கண்டுகொண்டது. ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூடச் சதையோடு போகவில்லை. துணுக்கு போனால் என்ன ஆகும் என்று ஏற்றுமதி செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருடக் கணக்கை முடித்தபோது, ஷெட்டின் பழைய வேன் சொத்துப் பட்டியலில் இருந்தது. அந்தக் கட்டைவிரல் செலவுப் பட்டியலில் இருந்தது, ‘கூலி’ என்ற ஒரே வரியில். இது என் தவறோ ஷெட்காரரின் தவறோ அல்ல. கணக்குத் தரநிலை 26-ம், பெரிய கம்பெனிகளுக்கான இந்தியக் கணக்குத் தரநிலை 38-ம் இதைத்தான் சொல்கின்றன: காசு கொடுத்து வெளியிலிருந்து வாங்கிய உரிமம், மென்பொருள் போன்றவற்றைச் சொத்தாகக் காட்டலாம்; உள்ளேயே வளர்ந்த பெயர், பழக்கம், ஆட்களுக்குக் கொடுத்த பயிற்சி ஆகியவற்றைச் செலவாகத்தான் எழுத வேண்டும். காரணமும் நியாயமானதே. அந்த அக்கா நாளைக்குப் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடலாம். உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாததை உங்கள் சொத்து என்று எப்படி எழுதுவது? வங்கிக்காரர் பத்திரம் கேட்பதன் வேரும் இங்கேதான் இருக்கிறது.

புத்தகங்கள் அறிவுசார் மூலதனம் என்று சொல்வதை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். ஆளோடு வந்து ஆளோடு போவது மனித மூலதனம். ஆள் வீட்டுக்குப் போன பிறகும் ஷெட்டில் தங்குவது அமைப்பு மூலதனம்: எழுதிவைத்த முறை, அளவுக் குறிப்பு, எந்தப் படகுத்துறையிலிருந்து எந்த மாதம் எப்படி நண்டு வரும் என்ற பதிவு. வெளியாட்களோடு உள்ள நம்பிக்கை உறவு மூலதனம். இதில் மூன்றாவதுதான் நம் கரையில் விசித்திரமாக இருக்கிறது. நாட்டுப்படகுக்காரருக்கு வலைக்கும் என்ஜினுக்கும் நீங்கள் முன்பணம் கொடுத்திருப்பீர்கள். அவர் பிடிக்கும் நண்டு உங்கள் எடைக்குத்தான் வரும். என் மாதிரி ஆடிட்டர் அந்தத் தொகையைப் பார்த்து, ‘நாலு வருடமாக வராத அட்வான்ஸ், வாராக்கடன் என்று தள்ளிவிடலாமா?’ என்று கேட்பார். தள்ளிப் பாருங்கள், மறுநாள் நண்டு வராது. கணக்கில் செத்த பணமாகத் தெரிவது தொழிலில் உயிர்நாடி. ஆனால் அதே முன்பணம் மீனவருக்குக் கட்டுக்கயிறும் கூட. விலை கூடக் கிடைக்கிற இடத்தில் அவர் விற்க முடியாது. உறவு மூலதனம் என்று புத்தகம் சொல்வதெல்லாம் இரண்டு பக்கமும் இனிக்கிற உறவு அல்ல. இதைத் தம்பியின் பேராசிரியர் ஏற்பாரா தெரியாது, நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

சரி, தம்பியின் கணக்குக்கு வருவோம். இந்த விஷயத்தை ஆண்டறிக்கையில் ஏற்றிய முன்னோடி என்று சுவீடனின் ஸ்காண்டியா காப்பீட்டு நிறுவனத்தைச் சொல்வார்கள். 1994-இல் அறிவுசார் மூலதனம் பற்றித் தனி இணைப்பே வெளியிட்டார்கள். அதே நிறுவனம் 2003-இல் மேலதிகாரிகளின் போனஸ் விவகாரத்தில் மாட்டிப் பெயர் கெட்டது. அழகான அறிக்கை நல்ல நிர்வாகத்துக்குச் சாட்சி இல்லை என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன். அப்புறம் 1990-களின் கடைசியில் ஆன்ட்டே புலிச் என்ற பொருளியலாளர் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஆண்டறிக்கையை மட்டும் வைத்தே அறிவுசார் மூலதனத்தின் திறனை எண்ணாக்கிவிடலாம் என்பதால் அது உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் இந்தத் தலைப்பில் வரும் புராஜெக்ட்களில் பெரும்பாலானவை அதைத்தான் எடுத்துக்கொள்கின்றன. தம்பியும் அதைத்தான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சூத்திரம் எளிது. இயக்க லாபம், சம்பளம், தேய்மானம் மூன்றையும் கூட்டினால் கம்பெனி கூட்டிய மதிப்பு. அதைச் சம்பளத்தால் வகுத்தால் மனித மூலதனத் திறன். கூட்டிய மதிப்பிலிருந்து சம்பளத்தைக் கழித்து, மீதியைக் கூட்டிய மதிப்பால் வகுத்தால் அமைப்பு மூலதனத் திறன். கூட்டிய மதிப்பைப் போட்ட முதலால் வகுத்தால் போட்ட முதலின் திறன். மூன்றையும் கூட்டினால் மொத்த எண். ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். கூட்டிய மதிப்பு 5 கோடி, சம்பளம் 2 கோடி, போட்ட முதல் 10 கோடி. முதல் எண் 2.5, இரண்டாவது 0.6, மூன்றாவது 0.5. மொத்தம் 3.6.

இப்போது முதலாளி சம்பளத்தில் 50 லட்சம் வெட்டுகிறார் என்று வையுங்கள். அந்த 50 லட்சம் லாபத்துக்குப் போகிறது. லாபமும் சம்பளமும் ஒரே கூட்டலில் இருப்பதால் கூட்டிய மதிப்பு அதே 5 கோடிதான். ஆனால் முதல் எண் 3.33 ஆகிறது, இரண்டாவது 0.7 ஆகிறது, மொத்தம் 4.53. அதாவது ஆட்களுக்குக் கொடுப்பதைக் குறைத்ததும் ‘அறிவுசார் மூலதனத் திறன்’ கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது! உங்கள் ஷெட்டில் கூலியைக் குறைத்தால் முதலில் போவது அந்தக் கட்டைவிரல்காரர்தான். சூத்திரமோ உங்களுக்குக் கைதட்டும். இரண்டாவது எண்ணும் தனியாக எதையும் அளக்கவில்லை. அது முதல் எண்ணைத் தலைகீழாக்கி ஒன்றிலிருந்து கழித்ததுதான். 2.5 என்றால் 0.6 வந்தே தீரும், அந்தக் கம்பெனியில் எழுதிவைத்த முறை ஒன்றுகூட இல்லாவிட்டாலும். இந்தக் குறைகளை ஆய்வாளர்களே பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். நான் கண்டுபிடித்தது இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தம்பி ஒரு பக்கம் அந்த எண்ணையும் மறுபக்கம் சொத்துக்கு எத்தனை சதவீதம் லாபம் என்பதையும் வைத்து ஒப்பிட்டிருப்பார். அந்த எண்ணுக்குள்ளேயே லாபம் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஆளை முன்வாசல் வழியாகவும் கொல்லைப்புறம் வழியாகவும் கூட்டிவந்து, இரண்டு பேரும் ஒரே ஜாடை என்று ஆச்சரியப்பட்டால் எப்படி? தொடர்பு வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆகவே ‘அறிவுசார் மூலதனம் கூடினால் லாபம் கூடுகிறது’ என்ற முடிவில், இந்தச் சூத்திரத்தை வைத்து வந்த பங்கை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அறிவுக்கும் லாபத்துக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. இந்தத் தராசு அதை நிறுக்கவில்லை, அவ்வளவுதான்.

நீடித்த நிதி பக்கம் கொஞ்சம் உறுதியான தரை இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கோ சமூகத்துக்கோ பயன்படும் வேலைக்கு என்று குறித்துக் கொடுக்கும் கடன், கடன்பத்திரம், வைப்புத்தொகை எல்லாம் இதில் அடங்கும். இந்திய அரசே 2023 ஜனவரியில் முதல் தடவையாகப் பசுமைக் கடன்பத்திரம் விற்றது. அந்த மாதமும் அடுத்த மாதமுமாக மொத்தம் 16,000 கோடி. ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்புத்தொகை விதிகள் அதே ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பசுமை என்ற பெயருக்காக முதலீட்டாளர் எவ்வளவு வட்டியை விட்டுக்கொடுத்தார்? அந்த முதல் ஏலத்தில் சாதாரண அரசுப் பத்திரத்தைவிடச் சுமார் 0.05 சதவீதம் குறைவு. வெளிநாட்டு ஆய்வுகளிலும் பெரும்பாலும் இந்தச் சில்லறை அளவுதான். ஒரு கோடிக்கு 0.05 சதவீதம் என்றால் வருடத்துக்கு 5,000 ரூபாய். உங்கள் ஷெட்டில் ஐஸ் செலவு தெரியுமல்லவா, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கி உங்களுக்குச் சொல்லும் தள்ளுபடி இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், அது அந்தந்த வங்கியின் வியாபாரக் கணக்கு. ஆனால் பரிசீலனைக் கட்டணம், சான்றிதழ் செலவு, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகும் அது குறைவாக நிற்கிறதா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. பெயரில் பசுமை என்ற சொல்லே இல்லாத ஒரு திட்டம் இதைவிடப் பல மடங்கு பெரிய வட்டிச் சலுகையோடு வந்தது. மீன்வளத்துக்கான உள்கட்டமைப்பு நிதி என்று 2018-19-இல் மத்திய அரசு 7,522.48 கோடி ரூபாயில் ஏற்படுத்தியது. தகுதியுள்ள வேலைக்கு வருடத்துக்கு 3 சதவீதம் வரை வட்டி மானியம். ஒரு கோடிக்கு 3 லட்சம். குளிர்பதனக் கிடங்கு, ஐஸ் தொழிற்சாலை, பதப்படுத்தும் கூடம் போன்றவற்றுக்கானது அது. வங்கிக்காரரிடம் பேசுமுன் மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போதைய நிலவரம் என்ன, உங்கள் வேலை அதில் வருமா என்று ஒருநாள் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றால், 2015-இல் ஜெர்மனியைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த சுமார் 2,200 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகியவற்றில் அக்கறை காட்டுவதற்கும் நிதிச் செயல்பாட்டுக்கும் எதிர்மறையான தொடர்பு இல்லை என்று சுமார் 90 சதவீதம் சொல்லின. இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் பலர் ‘90 சதவீதம் லாபம்’ என்று வாசித்துவிடுகிறார்கள். எதிர்மறை இல்லை என்பதற்குள் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும் சேர்ந்திருக்கிறது. நல்லது செய்தால் நட்டம் வரும் என்ற பயத்துக்கு இது பதில். லாபம் வரும் என்ற ஆசைக்கு இது போதாது. அதோடு, யார் பசுமை என்று மதிப்பெண் போடுகிறவர்களுக்குள்ளேயே ஒற்றுமை குறைவு. ஆறு மதிப்பீட்டு நிறுவனங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் அவர்களுக்குள் ஒப்புமை சராசரியாக 0.54 தான் (முழுக்க ஒத்துப்போனால் 1). கடன் தரமதிப்பீட்டில் இந்த எண் ஒன்றை ஒட்டியே இருக்கும். எந்த மதிப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பெண்ணை எடுத்தார் என்பதைப் பொறுத்துத் தம்பியின் முடிவே மாறக்கூடும்.

நான் அதிகம் மதிப்பது 2016-இல் வந்த வேறொரு ஆய்வை. தன் தொழிலுக்கு உயிரான விஷயத்தில் அக்கறை எடுத்த கம்பெனிகளின் பங்குகள் நன்றாகச் செய்தன. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத நற்காரியங்களில் கவனம் செலுத்தியவை அப்படிச் செய்யவில்லை. இதை நம் கரைக்குத் திருப்பினால் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை. நண்டு ஷெட்காரர் சாலையோரம் மரம் நட்டால் புகைப்படம் நன்றாக வரும். சினை நண்டையும் குஞ்சு நண்டையும் எடைக்குப் போடாமல் திருப்பினால் நாலு வருடம் கழித்தும் ஷெட் இருக்கும். அமெரிக்காவில் வாங்குபவர்கள் அளவையும் சினையையும் கேட்பது நம்மேல் உள்ள பாசத்தால் அல்ல, அவர்களுக்கும் நாளைக்கு நண்டு வேண்டும்.

இனி இரண்டும் சேருகிற இடம். இதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது: மண்டபம், பாம்பன் பக்கத்துப் பாசி வளர்ப்பு. காப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கும் முறை மண்டபத்திலுள்ள உப்பு, கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலையத்தில் உருவானது. 2000-க்குப் பிறகு பெப்சி கம்பெனி வந்தது, 2008-இல் இன்னொரு கம்பெனி கைக்கு மாறியது. வாங்கிக்கொள்ள ஆள் தயார், சுயஉதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன், மேலே மானியம். மூங்கில் மிதவை, கயிறு, அடியில் மீன் கடிக்காமல் ஒரு வலை. பெண்கள் கரையில் உட்கார்ந்து நாற்றைக் கயிற்றில் முடிவார்கள், 45 நாளில் அறுவடை. பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. பெண்கள் கைக்குப் பணம் வந்தது, கடல் கெடாத தொழில் என்ற பெயரும் வந்தது. நீடித்த நிதி என்ற சொல் இங்கே பழகுமுன்பே நடந்த நீடித்த நிதி இது.

2012-13 வாக்கில் விளைச்சல் உச்சிக்குப் போனது. அடுத்தடுத்து வெப்பம் ஏறிய நாட்களில் விதைப்பாசி கொத்துக்கொத்தாகச் செத்தது. விளைச்சல் சரிந்தது. அப்போது இல்லாமல் போனது பணமா? மிதவைக்கு மூங்கில் வாங்கக் கடன் கிடைத்தது, மானியமும் இருந்தது. கட்டுவதற்கு உயிருள்ள, சூடு தாங்கும் நாற்று இல்லை. ஒரே தாய் நாற்றிலிருந்து திரும்பத் திரும்ப வெட்டிக் கட்டியதால் அது சோர்ந்திருந்தது. புது விதைக்கான அறிவு வங்கியில் கடனாகக் கிடைக்காது. அது ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்கில் வளர வேண்டியது. இப்போது தொண்டி பக்கம் வலமாவூரில் பல்நோக்குப் பாசிப் பூங்கா என்று 2023-இல் அடிக்கல் நாட்டினார்களே, அதன் முக்கிய வேலைகளில் ஒன்று விதை. அந்தப் பாடத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதே பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைமேல் படர்ந்து அதை மூடுகிறது என்று 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தத் தீவு இருக்கும் மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடன் கொடுத்தவருக்கு அது பசுமை, பவளத்தைக் காப்பவருக்கு அது படையெடுப்பு. எது பசுமை என்ற வரையறையை நிதி அமைச்சகம் 2025 மே மாதம்தான் வரைவாக வெளியிட்டது. ஆகவே ஒரு கடனுக்கு மேல் ஒட்டியிருக்கும் பச்சைச் சீட்டைப் பார்த்துத் தம்பி அதை ‘1’ என்றும், சீட்டு இல்லாததை ‘0’ என்றும் எழுதியிருந்தால், அந்த எண்ணுக்குள் எவ்வளவு தகராறு அடங்கியிருக்கிறது என்று ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள்.

சோலாருக்கு வருவோம், அதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி, என் வாடிக்கையாளர். கடன் வாங்கிக் கூரை முழுக்கச் சோலார் போட்டார். நான்தான் அறிக்கை தயாரித்தேன், ஐந்து வருடத்தில் முதல் திரும்பும் என்று காட்டினேன். அறிக்கையில் உப்புக்காற்று இல்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பேனல்மேல் உப்பு படிந்து, வெயிலில் காய்ந்து, கண்ணாடிமேல் வெள்ளைத் தோல் போட்டதுபோல் ஆகிவிடும். நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அங்கே நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது. இரண்டாம் வருடம் கிளிப்புகள் துருப்பிடித்தன. மின்உற்பத்தி குறைந்தது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் தினமும் மீட்டரைக் குறிக்கும் பழக்கம் இல்லை. ஆபரேட்டர் ஒருவர் மட்டும் காலையில் ஐந்தரைக்கே கழுவிவிடுவார், எந்த வரிசை சீக்கிரம் அழுக்காகும் என்று அவருக்குத் தெரியும். அவர் துபாய் போனதும் அந்தப் பழக்கமும் போய்விட்டது. எட்டு மாதம் கழித்துக் கரண்ட் பில்லைப் பார்த்துத்தான் விழித்தோம். இப்போது அங்கே ஒரு நோட்டுத் தொங்குகிறது, கயிற்றில் பேனாவும் கட்டியிருக்கிறது. கடன் அதேதான், வட்டி அதேதான். நோட்டு வந்த பிறகு கணக்கு நேரானது.

அதனால்தான் என் கருத்து இப்படிப் போகிறது: பசுமைப் பணம் மலிவாக வருவதில் உள்ள ஆதாயம் சிறிது. அந்தப் பணத்தை வாங்குவதற்காக நீங்கள் எழுதத் தொடங்கும் கணக்கில் உள்ள ஆதாயம் பெரிது. எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், எவ்வளவு கழிவு என்று வங்கி கேட்கும். அதுவரை ஆபரேட்டர் தலையில் இருந்தது தாளுக்கு வரும். மனித மூலதனம் அமைப்பு மூலதனமாக மாறுவது அந்த இடத்தில்தான். பெரிய கம்பெனிகளிலும் இப்படித்தான் நடக்கிறதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நன்றாக நடக்கிற கம்பெனிக்குத்தான் பசுமைக் கடனும் எளிதாகக் கிடைக்கிறது, நல்ல ஆட்களும் தங்குகிறார்கள், லாபமும் வருகிறது என்றால், மூன்றும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து ஒன்று இன்னொன்றைப் பெற்றது என்று சொல்ல முடியாது. இந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

தம்பிக்குச் சொல்லுங்கள்: சூத்திரத்தின் மொத்த எண்ணை விட்டுவிட்டு, ஆட்கள் எத்தனை சதவீதம் வேலையை விட்டுப் போனார்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதை எடுக்கலாம். சந்தை மதிப்பில் முதல் 1000 லிஸ்டட் கம்பெனிகள், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி 2022-23 முதல் கட்டாயமாக வெளியிடும் பொறுப்பு அறிக்கையில் இரண்டும் இருக்கின்றன. இந்த எண்களுக்குள் லாபம் ஒளிந்திருக்காது. இந்த வருட எண்ணை அடுத்த வருட லாபத்தோடு ஒப்பிடட்டும். ஒரே கம்பெனி பசுமைக் கடனுக்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தது என்று பார்க்கட்டும். தொடர்பு பலவீனமாக வந்தால் பயப்பட வேண்டாம், அப்படி வந்தால்தான் நான் நம்புவேன்.

உங்கள் ஷெட்டுக்கு: கரண்ட் பில் பெரிதாக இருந்தால் சோலார் போடுங்கள். பில் குறைவதற்காகப் போடுங்கள், வட்டிக்காக வேண்டாம். உப்பையும் கழுவும் தண்ணீரையும் செலவில் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் தேறினால் மட்டும். அதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் எத்தனை கிலோ நண்டு எடை போட்டது, எந்தத் துறையிலிருந்து வந்தது, எந்த மேஜையில் எவ்வளவு சதை, அதில் ஜம்போ எவ்வளவு. ஒரு டன் நண்டின் எடையில் சதையின் பங்கு ஒரு சதவீதம் கூடினாலும் பத்துக் கிலோ. அதன் விலை எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அந்த 5,000 ரூபாயோடு வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் அக்காவைப் புதுப் பெண்கள் இருவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், அந்த நாட்களுக்கு அவருக்குக் கூலியைக் கூட்டிக் கொடுத்து. சும்மா சொல்லிக்கொடு என்றால் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு நண்டு மட்டும் வருகிற அந்த 61 நாளில் மேஜைகள் பாதி காலியாக இருக்கும் என்றால், பழக்கிவிடத் தோதான நேரம் அதுதான். ஜூலையில் நோட்டோடு வந்தால் வங்கிக்கான அறிக்கையை உட்கார்ந்து எழுதலாம், இந்தத் தடவை உப்பையும் சேர்த்து.